எட்டு மாதத் தகப்பன்

நவம்பர் 2-ஆம் தேதி மாலையில் கொல்கத்தா மல்லிக் பஜார் பக்கம் போனவர்களுக்கு அந்தக் காட்சி தெரிந்திருக்கும். லோயர் சர்க்குலர் ரோடு கல்லறைத் தோட்டத்தில் எங்கு பார்த்தாலும் மெழுகுவர்த்திச் சுடர். வங்காளிகள், ஆங்கிலோ இந்தியர்கள், மலையாளிகள், நம் தமிழர்கள் என்று எல்லோரும் பூவும் கையுமாக வருவார்கள். அவரவர் வீட்டுக் கல்லறையைக் கழுவித் துடைத்து, விளக்கேற்றி, சிறிது நேரம் பேசாமல் நிற்பார்கள். வங்க மகாகவி மைக்கேல் மதுசூதன் தத்தர் தம் மனைவி ஹென்ரியெட்டாவுடன் உறங்குவதும் இந்தத் தோட்டத்தில்தான். 1873 ஜூன் மாதம் மனைவி இறந்த மூன்றாம் நாள் அவரும் கண்ணை மூடினார். அப்போது அவருக்கு வயது 49.

கல்லில் இரண்டு தேதிகள் இருக்கும். பிறந்த தேதி ஒன்று, மறைந்த தேதி ஒன்று. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துப் பார்த்தால் சில இடங்களில் நெஞ்சு திடுக்கிடும். முப்பத்தாறு, முப்பத்தெட்டு, நாற்பத்தொன்று. அருகில் நிற்கும் விதவைத் தாயையும் பள்ளிக்கூடப் பிள்ளையையும் பார்த்து, "என்ன உடம்புக்கு?" என்று கேட்டால் உடனே பதில் வராது. "ரொம்ப நாள் சீக்கு" என்பார்கள். மிகவும் நெருங்கியவர்களிடம் மட்டும், அதுவும் குரலைத் தாழ்த்தி, "புற்று" என்பார்கள். உயிரோடு இருந்தபோதும் அந்தச் சொல் அந்த வீட்டில் உரக்கச் சொல்லப்பட்டிராது.

சொல்லாமல் மறைப்பது அன்பின் அடையாளம் என்றுதான் நாம் நினைக்கிறோம். அது உண்மைதானா? இந்தக் கேள்வியோடு ஒரு தமிழ்க் கிறிஸ்தவ இளைஞரின் கதையை இன்று நினைத்துப் பார்ப்போம். அவர் பெயர் பால் சுதிர் அருள் கலாநிதி. அமெரிக்காவில் பிறந்து வளர்ந்த மூளை அறுவை சிகிச்சை டாக்டர். 2015 மார்ச் 9-ஆம் தேதி, நுரையீரல் புற்றுநோயால், 37-ஆம் வயதில் காலமானார். அப்போது அவருடைய ஒரே மகளுக்கு எட்டு மாதம்.

இரண்டு பெயர்கள்

பால் கலாநிதியின் தகப்பனார் தென்னிந்தியக் கிறிஸ்தவர்; தாயார் இந்து. இரு வீட்டாரும் ஒப்பாத கல்யாணம். குடும்பங்களுக்குள் பல வருஷம் மனஸ்தாபம் இருந்தது. தாய்வழிப் பாட்டி பேரனை 'பால்' என்று கூப்பிட்டதே இல்லையாம். 'சுதிர்' என்ற நடுப்பெயரால்தான் அழைப்பாராம். பெயரிலேயே இரண்டு உலகங்களைச் சுமந்துகொண்டு வளர்ந்த பிள்ளை அவர். இப்படி வேறு மாநிலத்துக்கு வந்து, வீட்டில் ஒரு பெயர், ஆபீஸில் ஒரு பெயர் என்று வாழும் நமக்கு இது புரியாத விஷயமல்ல.

1977 ஏப்ரல் 1-ஆம் தேதி நியூயார்க் மாநிலத்தில் பிறந்தார். மூன்று பிள்ளைகளில் இரண்டாமவர். அவருக்குப் பத்து வயதானபோது குடும்பம் அரிசோனா மாநிலத்தில் கிங்மன் என்ற சிற்றூருக்குக் குடிபெயர்ந்தது. சுற்றிலும் பாலைவனம், பள்ளிக்கூடமோ சுமார் ரகம். பிள்ளைகளின் படிப்பு கெட்டுவிடுமே என்று தாயாருக்குக் கவலை பிடித்தது. நம் ஊர்த் தாய்மார்களுக்கு உள்ள அதே கவலைதான். பெரிய எழுத்தாளர்களின் புத்தகங்களைப் பட்டியல் போட்டு வாங்கிப் படிக்க வைத்தார். பரீட்சை எழுத நூறு மைல் தூரத்திலுள்ள லாஸ் வேகாஸ் நகரத்துக்குத் தாமே காரோட்டிக் கூட்டிப் போனார். அதோடு நிற்காமல் உள்ளூர்ப் பள்ளி நிர்வாகக் குழுவிலும் சேர்ந்து, மற்றவர் பிள்ளைகளுக்காகவும் பாடுபட்டார்.

தகப்பனார் இருதய நோய் டாக்டர். விடியுமுன் வீட்டை விட்டுக் கிளம்பினால் இருட்டிய பிறகுதான் திரும்புவார். பிள்ளைகள் தகப்பனைப் பார்ப்பதே அபூர்வம். டாக்டர் தொழில் என்றால் வீட்டில் தகப்பன் இல்லாமை என்றே சிறுவன் பால் புரிந்துகொண்டார். ஆகவே எந்த வேலைக்குப் போனாலும் டாக்டராக மட்டும் ஆவதில்லை என்று தீர்மானித்தார். பின்னாளில் தாமும் டாக்டராகித் தாமும் தகப்பனாகப்போகிற மனிதர் சிறு வயதில் செய்த தீர்மானம் இது.

கவிதையிலிருந்து கத்திக்கு

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் அவர் படித்தது ஆங்கில இலக்கியமும் மனித உயிரியலும். இலக்கியத்தில் எம்.ஏ. பட்டமும் பெற்றார். மனித வாழ்வுக்கு அர்த்தம் எது என்ற கேள்வி அவரை விடவில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் புத்தகத்தில் பாதிதான் இருக்கிறது, மீதி நோயாளியின் கட்டிலருகே இருக்கிறது என்ற எண்ணம் வந்தது. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜில் விஞ்ஞானம், மருத்துவம் ஆகியவற்றின் வரலாறும் தத்துவமும் படித்துவிட்டு, யேல் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 2007-இல் டாக்டர் பட்டம் பெற்றார். லூசி என்ற மாணவியைச் சந்தித்ததும் அங்கேதான். இருவரும் மணந்துகொண்டார்கள்.

பிறகு ஸ்டான்ஃபோர்டிலேயே மூளை அறுவை சிகிச்சைப் பயிற்சி. ஏழு வருஷம் நீளும் கடுமையான பயிற்சி அது. மூளையில் ஒரு கட்டியை எடுக்கும்போது கத்தி சற்று விலகினால் நோயாளியின் பேச்சே போய்விடலாம். உயிர் பிழைத்தும் பேச முடியாமல், சொந்தப் பிள்ளையை அடையாளம் தெரியாமல் போனால் அந்த உயிருக்கு என்ன பொருள்? இப்படிப்பட்ட கேள்விகளை நோயாளியின் மனைவியோடும் பெற்றோரோடும் உட்கார்ந்து பேசுவது அவருடைய அன்றாட வேலையாயிற்று. கெட்ட செய்தியை எப்படிச் சொல்ல வேண்டும் என்பதை அவர் நாள்தோறும் கற்றார். ஆனால் தம் சொந்த வீட்டில் அந்தப் பாடத்தை மறந்துபோனார்.

மறைத்த நாட்கள்

ஆறாவது வருஷப் பயிற்சியின்போது அவர் உடம்பு மெலிய ஆரம்பித்தது. தாங்க முடியாத முதுகுவலி. பிறகு நெஞ்சுவலி, இருமல். முதலில் எடுத்த எக்ஸ்-ரேயில் ஒன்றும் பிடிபடவில்லை. வேலைப் பளுவால் வந்த வலி என்றுதான் சொல்லப்பட்டது. ஆனால் அவர் டாக்டர் அல்லவா? மனத்துக்குள் சந்தேகம் தட்டிவிட்டது. முப்பதிலிருந்து நாற்பது வயதுக்குள் புற்றுநோய் எத்தனை பேருக்கு வருகிறது என்று தனியாக உட்கார்ந்து தேடிப் பார்த்தார். மனைவியிடம் மூச்சு விடவில்லை.

லூசியும் டாக்டர்தான். கணவர் ஏதோ மறைக்கிறார் என்று அவருக்குத் தெரிந்தது. ஒரு நாள் கணவரின் செல்போனில் அந்தத் தேடல் கண்ணில் பட்டது. நோயை விட, அதைத் தன்னிடம் சொல்லவில்லையே என்பதுதான் லூசியை வருத்தியது. ஏற்கெனவே வேலை வேலை என்று இருவரும் விலகிப் போயிருந்தார்கள். சேர்ந்து போவதாக இருந்த நியூயார்க் பயணத்துக்குத் தான் வரவில்லை என்று லூசி சொல்லிவிட்டார். கல்யாணமே முறிந்துவிடுமோ என்ற நிலை. பால் தனியாகப் போனார். அங்கே ஒரு நண்பனிடம், தமக்குப் புற்றுநோய் இருக்கலாம் என்று வாய்விட்டுச் சொன்னார். மனைவிக்கு முன் நண்பனுக்குத் தெரிந்தது.

போன காரியத்தைப் பாதியில் விட்டுத் திரும்பினார். புதிதாக எடுத்த எக்ஸ்-ரே தெளிவாக இல்லை என்று டாக்டரிடமிருந்து செய்தி. விமான நிலையத்துக்கு லூசி வந்திருந்தார். வீட்டுக்கு வந்தபின், இனியும் மறைப்பதில்லை என்று எல்லாவற்றையும் சொன்னார். லூசி அவர் தோளில் தலை சாய்த்தார். அந்தக் கணத்தில் இருவருக்கும் இடையிலிருந்த தூரம் போய்விட்டது என்று அவரே எழுதியிருக்கிறார்.

2013 மே மாதம் முடிவு தெரிந்தது. நுரையீரலில் தொடங்கி முதுகெலும்புக்கும் மற்ற உறுப்புகளுக்கும் பரவிய நான்காம் கட்டப் புற்றுநோய். வயது 36. புகை பிடிக்கும் வழக்கமே இல்லாதவர். எந்த ஆஸ்பத்திரியில் டாக்டராக நடமாடினாரோ அதே ஆஸ்பத்திரியில் நோயாளியாகப் படுத்தார்.

எண்ணிக் கொடுக்காத நாட்கள்

இன்னும் எத்தனை நாள் என்று நாம் எல்லோரும் கேட்கும் கேள்வியை அவரும் கேட்டார். புள்ளிவிவரம் தெரிந்த டாக்டர். கணக்கைச் சொல்லுங்கள் என்றார். அவருக்கு வைத்தியம் செய்த அம்மையார் கணக்குச் சொல்ல மறுத்தார். உமக்கு எது முக்கியம் என்று முதலில் கண்டுபிடியும், அதற்குத் தக்கபடி வைத்தியம் செய்வோம் என்றார்.

கட்டியின் அணுக்களைப் பரிசோதித்தபோது ஒரு தனிப்பட்ட மரபணு மாற்றம் இருப்பது தெரிந்தது. அந்த மாற்றத்தைக் குறிவைத்துத் தாக்கும் எர்லோடினிப் என்ற மாத்திரையைக் கொடுத்தார்கள். கட்டிகள் சுருங்கின. உடம்பு தேறியது. பல மாதம் உடற்பயிற்சி செய்து, மெல்ல மெல்ல நிற்கும் சக்தியைத் திரும்பப் பெற்று, மறுபடி அறுவைக் கூடத்துக்குப் போனார். மணிக்கணக்கில் நின்று மற்றவர் மூளைக்கும் முதுகெலும்புக்கும் ஆபரேஷன் செய்தார். வலி மாத்திரை விழுங்கிக்கொண்டு ஆபரேஷன் செய்த நாட்களும் உண்டு. ஓர் ஓய்வூதியக்காரரைப் போல மீதி நாளைக் கழிக்க அவருக்கு மனமில்லை.

இதே சமயத்தில் கணவன் மனைவி இருவரும் இன்னொரு பெரிய விஷயத்தைப் பேசினார்கள். குழந்தை பெற்றுக்கொள்வதா வேண்டாமா? தகப்பன் இருக்கப்போவதில்லை என்று தெரிந்தே ஒரு குழந்தையை உலகுக்குக் கொண்டுவரலாமா? ஒரு குழந்தையைப் பிரிந்து போவது சாவை இன்னும் வேதனையாக்குமே என்று லூசி கேட்டார். ஆக்கினால்தான் என்ன, அது நல்லதுதானே என்ற பொருளில் பால் பதில் சொன்னார். துன்பத்தை விலக்குவது மட்டும் வாழ்க்கை ஆகாது என்று இருவருக்கும் தோன்றியது. இரு வீட்டாரையும் கலந்துகொண்டு, டாக்டர்களின் உதவியோடு, குழந்தைக்கு ஏற்பாடு செய்தார்கள்.

இந்த முடிவை எல்லோரும் ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதில்லை. "பாவம், அந்தப் பெண்ணின் தலையில் பாரத்தை ஏற்றிவிட்டுப் போனாரே" என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக்கூடும். அதிலும் நியாயம் உண்டு. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். முடிவைத் தனியாக அவர் எடுக்கவில்லை. எல்லா உண்மையும் தெரிந்த மனைவி சரிசமமாக உட்கார்ந்து சேர்ந்து எடுத்த முடிவு அது. நோயை மறைத்திருந்தால் அந்தப் பேச்சே நடந்திராது. அந்தக் குழந்தையும் பிறந்திராது.

திரும்பி வந்த விசுவாசம்

பக்தியுள்ள கிறிஸ்தவக் குடும்பத்தில் வளர்ந்தவர் பால். இரவு தோறும் வேதவாசிப்பும் ஜெபமும் நடந்த வீடு. வாலிப வயதில் அந்த விசுவாசம் அவரை விட்டுப் போயிற்று. கண்ணால் காணும் சான்று இல்லாத எதையும் ஏற்பதற்கில்லை என்ற நிலைக்கு வந்தார். வெகுகாலம் அப்படித்தான் இருந்தார்.

பிறகு ஒரு சங்கடம் தோன்றியது. அளந்து நிறுத்துப் பார்க்க முடிந்தது மட்டுமே மெய் என்றால், அன்பும் ஆசையும் துக்கமும் பொய்யாகிவிடுமே! மனைவி கையைப் பிடித்துக்கொள்வதை எந்தத் தராசில் நிறுப்பது? விஞ்ஞானத்தை அவர் கைவிடவில்லை. அதற்கு எட்டாத இடம் ஒன்று உண்டு என்று ஒப்புக்கொண்டார். தியாகம், மீட்பு, மன்னிப்பு என்ற கிறிஸ்தவத்தின் அடிப்படைகள் அவருக்கு மறுபடியும் அர்த்தமுள்ளவை ஆயின. நோயாளியிடமும் மனைவியிடமும் தாம் செய்த தவறுகளை நினைக்கும்போது, நீதியை விட இரக்கம் பெரிது என்ற எண்ணமே அவருக்கு ஆறுதல் தந்தது. நோய் வந்ததால் பயந்து கோயிலுக்கு ஓடியவர் என்று அவரைச் சொல்ல முடியாது. நோய்க்கு முன்பே தொடங்கிய திரும்புதல் அது.

ஜூலை 4

2014-இல் நுரையீரலில் புதிய கட்டி ஒன்று தெரிந்தது. பயிற்சியின் கடைசி நாட்களை எப்படியோ முடித்து, கடைசி ஆபரேஷனைச் செய்து, அறுவைக் கூடத்திலிருந்து வெளியே வந்தார். கீமோதெரபி என்னும் கடும் மருந்து ஆரம்பமாயிற்று. பட்டமளிப்புக் கொண்டாட்டத்துக்கு உறவினரெல்லாம் வந்து கூடிய அன்று வாந்தியும் களைப்புமாக ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார். விழாவுக்குப் போகக் கொடுத்துவைக்கவில்லை.

ஜூலை 4-ஆம் தேதி பெண் குழந்தை பிறந்தது. பிரசவ அறையிலேயே தகப்பனுக்கும் ஒரு கட்டில் போட்டிருந்தார்கள். எலும்பும் தோலுமான உடம்புக்குக் குளிர் தாங்காமல் கம்பளி போர்த்தி அவர் படுத்திருந்தார். பிறந்த குழந்தையைக் கையில் வாங்கியபோது, தம் உடம்புச் சில்லிப்பு அதற்குப் பட்டுவிடுமோ என்றே பயந்தார்.

அதன்பின் கிடைத்தது எட்டு மாதம். எப்போதும் வெளியிலேயே இருந்த தகப்பனைப் பார்த்து வளர்ந்தவர், தாம் தகப்பனானபோது வீட்டை விட்டு நகர முடியாதவராக இருந்தார். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். குழந்தை தூங்கும் நேரத்தில் எழுதுவார். கீமோதெரபியால் விரல் நுனிகள் வெடித்து வலித்தன. வெள்ளி இழை வைத்த, தையல் உறுத்தாத விசேஷக் கையுறை மாட்டிக்கொண்டு கம்ப்யூட்டரில் எழுதினார். மகளுக்குத் தம்மை நினைவிருக்காது என்று அவருக்குத் தெரியும். ஆகவே அவள் வளர்ந்தபின் படிக்க ஒரு சொத்து வைத்துப் போனார். புத்தகத்தின் கடைசிப் பகுதி மகளுக்குச் சொல்வதுதான். சாகப்போகும் ஒரு மனிதனின் நாட்களை நீ நிறைவாக்கினாய், அதை எந்நாளும் அற்பமாக நினைக்காதே என்பது அதன் சாரம்.

2015 மார்ச் மாதம், தவக்காலத்தின் நடுவில், மூச்சு முட்டத் தொடங்கியது. ஆஸ்பத்திரியில் முகமூடி வழியாகச் சுவாசம் கொடுத்தார்கள். அதுவும் போதவில்லை. தொண்டையில் குழாய் இறக்கிச் சுவாச இயந்திரத்தில் போடலாமா என்ற கேள்வி எழுந்தது. எத்தனையோ நோயாளிகளின் குடும்பத்தாரிடம் அவரே கேட்ட கேள்விதான். மகளை அடையாளம் கண்டு அணைக்க முடியாத உயிர் தமக்கு வேண்டாம் என்று தீர்மானித்தார். மனைவியிடமும் பெற்றோரிடமும் சகோதரர்களிடமும் பேசி விடைபெற்றார். குழந்தையை அவர் அணைப்பில் படுக்க வைத்தார்கள். முகமூடியை எடுத்து, வலி தெரியாமல் மருந்து கொடுத்தார்கள். திங்கட்கிழமை இரவு உயிர் பிரிந்தது. அதே ஆஸ்பத்திரியில், மகள் பிறந்த பிரசவ வார்டிலிருந்து சுமார் 200 கஜ தூரத்தில்.

மனைவி முடித்த புத்தகம்

புத்தகம் முற்றுப்பெறவில்லை. லூசி முடிவுரை எழுதி அச்சுக்குக் கொடுத்தார். ஸ்டான்ஃபோர்டில் டாக்டராக உள்ள எழுத்தாளர் ஆபிரகாம் வர்கீஸ் முன்னுரை எழுதினார். நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர் அவர். 'வென் பிரெத் பிகம்ஸ் ஏர்' என்ற பெயரில் 2016 ஜனவரியில் வெளிவந்து, அமெரிக்காவில் விற்பனையில் முதலிடத்துக்கு வந்தது. மறுவருஷம் புலிட்சர் பரிசுக்கான இறுதிப் பட்டியலில் இடம் பெற்றது. மூச்சு காற்றாகிப் போகும் வேளை என்று அந்தப் பெயரைத் தமிழில் சொல்லலாம். கொல்கத்தா புத்தகக் கடைகளிலும் கிடைக்கிறது.

முடிவுரையில் லூசி கணவனைத் தெய்வமாக்கவில்லை. கல்யாணம் ஆட்டம் கண்டதையும் ஒளிக்கவில்லை. கடைசி வருஷத்தில் தங்கள் வாழ்க்கை முன்னைவிட ஆழமாக இருந்தது என்கிறார். கெட்ட செய்தி ஒரு குடும்பத்தை உடைக்கும் என்று நாம் பயப்படுகிறோம். அந்தக் குடும்பத்தை உடைக்கப் பார்த்தது மௌனம், ஒட்டவைத்தது உண்மை.

நம் வீட்டுக் கதை

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். முன்னாளில் ஊருக்குக் கடிதம் எழுதினோம். இன்று செல்போனில் பேசுகிறோம். வாசகம் மட்டும் மாறவில்லை. "ஒன்றுமில்லை அம்மா, வயிற்றுக் கோளாறுதான். டாக்டர் மாத்திரை கொடுத்திருக்கிறார்." ஊரில் இருக்கும் தாய் நம்பிக்கொண்டிருப்பாள். நோயாளியிடம் மனைவி மறைப்பாள். மனைவியிடம் நோயாளி மறைப்பார். இருவரிடமும் மைத்துனர் மறைப்பார். எல்லோருக்கும் தெரியும், யாரும் பேசமாட்டார்கள். பி.எஃப். கணக்கில் யார் பெயர் இருக்கிறது, இன்ஷூரன்ஸ் பத்திரம் எந்தப் பெட்டியில், மகளை எதுவரை படிக்க வைக்க ஆசை, கடைசியில் ஊருக்குக் கொண்டுபோவதா, இங்கேயேவா? கேட்க வேண்டிய கேள்வி அத்தனையும் கேட்கப்படாமலே அவர் போய்ச் சேருவார். பிறகு அந்தப் பெண் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்குவாள்.

இந்த பயத்துக்குக் காரணம் இல்லாமலில்லை. ஒரு காலத்தில் புற்று என்றால் சாவு என்றுதான் அர்த்தம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1923-இல் தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். அந்த வேதனையில் பிறந்த கனவு, 1954-இல் அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரியாக, பன்னிரண்டு படுக்கைகளோடு ஆரம்பமாயிற்று. நம் கொல்கத்தா அதற்கும் நான்கு வருஷம் முந்திக்கொண்டது. ஹாஜ்ராவில் தேசபந்து சித்தரஞ்சன் தாஸ் பெயர் தாங்கிய புற்றுநோய் ஆஸ்பத்திரியை 1950 ஜனவரி 2-ஆம் தேதி திறந்துவைத்தவர், மேரி கியூரி அம்மையாரின் மகளும் நோபல் பரிசு பெற்ற விஞ்ஞானியுமான ஐரீன் ஜோலியோ கியூரி. 2011-இல் ராஜர்ஹாட் நியூ டவுனில் டாடா மெடிக்கல் சென்டர் வந்தது. சித்தரஞ்சன் ஆஸ்பத்திரியின் இரண்டாவது வளாகமும் 2022-இல் நியூ டவுனில் திறக்கப்பட்டது.

அப்படியும் வங்காளிகள் பலருக்கு வேலூர் மீதுதான் நம்பிக்கை. "தாதா, வேலூர் எப்படிப் போவது? காட்பாடியில் இறங்க வேண்டுமா?" என்று ஆபீஸில் கேட்கப்படாத தமிழர் நம்மில் யார்? ஹவுராவில் ரயிலேறி, பைல் கட்டை மார்போடு அணைத்துக்கொண்டு, காட்பாடியில் இறங்கும் கூட்டம் நமக்குத் தெரியும். வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியைச் சுற்றிய தெருக்களில் வங்காளி எழுத்தில் போர்டு தொங்குகிறது. மீன் குழம்புச் சாப்பாடும் கிடைக்கிறது. வங்காளிக் குடும்பம் ஒன்றுக்காக நாம் தமிழில் பேசி உதவும்போது, டாக்டர் சொல்வதில் எதை மொழிபெயர்ப்பது, எதை விழுங்குவது என்ற சங்கடம் நமக்கும் வருகிறது. நோயாளியே நேராகக் கேட்டால் பொய் சொல்லாமல் இருப்போம். சொல்லும் பொறுப்பை டாக்டரிடம் விடுவோம். பக்கத்தில் நாம் இருப்போம்.

பாலுக்கு வந்த வகை நம்மவர் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று. புகையே பிடிக்காதவர்களுக்கும் வரும் நுரையீரல் புற்றுநோய் அது. அவர் உடம்பில் கண்ட மரபணு மாற்றம் மேல்நாட்டாரை விட ஆசியர்களிடம் அதிகம் காணப்படுகிறது. வெளிக்காற்றின் மாசும் புற்றுநோய்க்குக் காரணம் என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் ஆய்வு நிறுவனம் 2013-இல் அறிவித்தது. குளிர்காலத்துக் கொல்கத்தாப் புகைமூட்டத்தில் பஸ்ஸுக்கு நிற்கும் நமக்கு இது சொல்லாமலே புரியும். நம் நாட்டில் நாள்பட்ட இருமலைக் காசநோய் என்று எண்ணிப் பல மாதம் அதற்கே மருந்து சாப்பிட்டுவிடுவதும் உண்டு. மூன்று வாரத்துக்கு மேல் இருமல், காரணமில்லாத மெலிவு, சளியில் ரத்தம், விடாத முதுகுவலி என்றால் சும்மா இருக்கக்கூடாது. முதல் எக்ஸ்-ரே நன்றாக இருந்தாலும் வலி நீடித்தால் மறுபடி போய்க் காட்ட வேண்டும். எர்லோடினிப் மாத்திரையின் விலை குறைந்த இந்திய வகை 2008-லேயே வந்துவிட்டது. அதைவிட மேலான மருந்துகளும் பின்னர் வந்துள்ளன. சீக்கிரம் கண்டுபிடித்தால் ஆபரேஷனிலேயே குணமாகவும் இடமுண்டு. மறைத்து வைத்தால் நோய் குறையாது, நாள்தான் குறையும்.

குணமாகாத நிலை வந்தாலும் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று அர்த்தமல்ல. 1952-இல் காளிகட்டில் அன்னை தெரசா நிர்மல் ஹிருதய் இல்லத்தைத் தொடங்கியபோது காட்டியது இதைத்தான். சாகிறவனுக்கும் ஒரு கட்டில், ஒரு கை, ஒரு மரியாதை வேண்டும். வலியில்லாமல் கடைசி நாளைக் கழிக்கும் வைத்தியம் இன்று தனித் துறையாகவே வளர்ந்திருக்கிறது. தேறும் வழியில்லாதபோது இயந்திரங்களில் வைக்க வேண்டாம் என்று ஒருவர் முன்கூட்டியே எழுதி வைக்கலாம் என்று நம் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்துள்ளது. தீர்ப்பு வந்த தேதி 2018 மார்ச் 9. பால் கலாநிதி மறைந்து சரியாக மூன்று வருஷம்.

ஒரு மெழுகுவர்த்தி

அவருக்காக ஸ்டான்ஃபோர்டு தேவாலயத்தில் நினைவு ஆராதனை நடந்தது. பசிபிக் சமுத்திரத்தைப் பார்த்த மலைப்பகுதி ஒன்றில் அடக்கம் செய்தார்கள். மல்லிக் பஜாருக்கும் அந்த மலைக்கும் பாதி உலகம் இடையில் இருக்கிறது. ஆனாலும் பால் என்று ஒரு பெயரும் சுதிர் என்று ஒரு பெயரும் வைத்துக்கொண்ட அந்தத் தமிழ்ப் பிள்ளை நமக்கு அந்நியன் அல்ல.

அவர் பெரிய டாக்டர், நல்ல எழுத்தாளர் என்பதெல்லாம் நமக்கு எட்டாத விஷயமாக இருக்கலாம். மாதச் சம்பளக்காரனுக்கும் கூலித் தொழிலாளிக்கும் எட்டக்கூடிய ஒன்றையும் அவர் செய்தார். மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்து, "எனக்கு இது இருக்கிறது" என்று சொன்னார். அதற்குப் பணம் வேண்டாம், பட்டம் வேண்டாம். அதைச் சொன்னதால் இருபத்திரண்டு மாதம் இருவரும் சேர்ந்து வாழ்ந்தார்கள். ஒரு குழந்தைக்கு எட்டு மாதம் தகப்பன் கிடைத்தான்.

அடுத்த நவம்பர் 2-ஆம் தேதி மல்லிக் பஜாரில், முப்பதுகளில் போய்விட்ட யாரோ ஒருவர் கல்லறை முன் ஒரு தாயும் பிள்ளையும் நிற்பார்கள். "அப்பாவுக்கு என்ன ஆயிற்று?" என்று அந்தப் பிள்ளை கேட்டால், குரலைத் தாழ்த்தாமல் அந்தத் தாய் பதில் சொல்லட்டும். என்ன நோய் என்று சொல்லட்டும். அந்த நோயோடு அவர் எப்படி இருந்தார், உன்னை எப்படி மடியில் வைத்துக்கொண்டார் என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும்.